உலக முடிவு வரை குடும்பத்தோடு நடக்கலாமா? ஹோட்டன் சமவெளி பற்றி ஒரு விரிவான பதில்

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா வருகிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பன்னிரண்டு. மாமிக்கு 64, முழங்கால் வலி உண்டு. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை நடந்துபோய் வர முடியுமா? இல்லாவிட்டால் கிரகரி வாவியில் படகு ஓடிவிட்டுத் திரும்பிவிடலாமா?"

உலக முடிவு என்ற அந்த மலை விளிம்பு வரை பிள்ளைகள் இருவரும் தாராளமாக நடப்பார்கள். மாமி முழுச் சுற்றும் வரத் தேவையில்லை. அவருக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, கீழே சொல்கிறேன். சிவனொளிபாத மலை ஏறுவதுபோல் படி படியாக மூச்சு வாங்க ஏறும் பாதை இது கிடையாது. சமவெளியே கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஏற வேண்டியதையெல்லாம் உங்கள் வான் ஏறிவிடும். இந்த நடையில் ஏமாந்து திரும்புகிறவர்கள் கால் முடியாமல் ஏமாறுவது குறைவு, நேரம் பிந்தி ஏமாறுவதுதான் அதிகம். பதினொரு மணிக்கு விளிம்பில் போய் நின்று முகிலின் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த கதை உங்கள் ஊரிலும் யாராவது ஒருவரிடம் இருக்கும். அதனால் அன்றைய திட்டம் முழுவதையும் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றிப் போடுங்கள்: ஒன்பது மணிக்கு முன்பு உலக முடிவில் நிற்க வேண்டும்.

ஏன் ஒன்பது மணி? உலக முடிவு என்பது சமவெளியின் தெற்கு ஓரம். அங்கே தரை சட்டென்று அறுந்து ஏறத்தாழ 870 மீட்டர் கீழே போகிறது. கீழே பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அந்தக் காற்று வெயில் ஏற ஏறச் சூடாகி, மலைச்சுவரோடு ஒட்டியபடி மேலே எழும்பும். எழும்ப எழும்பக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரமெல்லாம் முகிலாகிவிடும். அதாவது முகில் வானத்திலிருந்து இறங்கி வந்து காட்சியை மறைப்பதில்லை, உங்கள் காலடியிலிருந்து ஏறி வருகிறது. ஒன்பது, பத்து மணியளவில் விளிம்பை எட்டிவிடும். தெளிவான காலையில் சமனலவெவ, உடவளவை நீர்த்தேக்கங்கள் மினுங்கும்; மிகமிகத் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் வரை தெரியும். அரை மணி நேரம் பிந்திப் போனால் முன்னால் நிற்கும் ஆளைக்கூடச் சரியாகத் தெரியாது.

ஏப்ரல் மாதத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நடைக்கு ஆகச் சிறந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது மழை குறைவு; ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து வெள்ளையாக இருக்கும். ஏப்ரலில் காலை பெரும்பாலும் நன்றாகவே விடியும், ஆனால் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆளையே தள்ளும். உங்களுக்கு மழையைவிடப் பெரிய தலைவலி சீசன்தான். ஏப்ரலில் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வந்துவிடும். அறை வாடகை எகிறும், ஊருக்குள் வாகனம் நகராது. புத்தாண்டை ஒட்டிய நாட்களையும் சனி, ஞாயிறையும் விட்டுவிட்டு ஒரு வார நாளில் போங்கள். முடியாவிட்டால் இன்னும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், வேறு வழி இல்லை.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். தூரம் கொஞ்சம்தான், வளைவு அதிகம். இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஓட்ட வேண்டும் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். நாலே முக்காலுக்கு வானில் ஏறினால் சரியாக இருக்கும். முதல் நாள் இரவே டிரைவரிடம் சொல்லி வையுங்கள். மட்டக்களப்பு டிரைவர் என்றால் மலை வீதியில் இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். பிள்ளைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்து ஏற்ற வேண்டாம். இரண்டு பிஸ்கட்டும் இஞ்சி போட்ட தேநீரும் போதும், மீதியை மேலே போய்ச் சாப்பிடலாம். அந்த வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை குறைவு.

பட்டிப்பொல, ஒஹிய இரண்டுமே ரயில் நிலையங்கள்தான். பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். ஒஹியவில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து 11 கிலோமீட்டர் மேலே ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால் பிள்ளைகளோடும் மாமியோடும் ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமென்றால் வான்தான் சரி. மலையக ரயில் பாதை மண்சரிவால் அடிக்கடி தடைப்படுவதும் ஒரு காரணம். ரயில் பயணத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. வாகனத்துக்குத் தனி. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் தொகையை இங்கே எழுதவில்லை. அடையாள அட்டைகளைக் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் யாராவது கூட வந்தால் அவருக்கு வேறு கணக்கு என்பதை முதலே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று விவாதிக்க வேண்டியிருக்காது.

அடுத்தது பை. நடை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள், ஒப்புக்கு அல்ல, உண்மையாகவே பார்ப்பார்கள். சொப்பிங் பை, லஞ்ச் ஷீட், பிஸ்கட் உறை என்று பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். மாரி பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து, பிஸ்கட்டைக் கடதாசியில் கொட்டிக் கொடுத்துவிட்டு உறையை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூடக் கிழித்துவிடுவார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும், உங்கள் மகள் பிஸ்கட் போச்சே என்று அழுதுகொண்டிருப்பாள். இதைத் தவிர்ப்பது சுலபம்: சாப்பாட்டை வாழையிலையில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். தண்ணீருக்கு வீட்டில் பாவிக்கிற போத்தல். கெடுபிடி கூடிப்போச்சு என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு இந்தக் கெடுபிடி பிடிக்கும். சாப்பாட்டு வாசனை உள்ள பொலித்தீனை விழுங்கி இங்குள்ள மரைகள், அதாவது பெரிய காட்டு மான்கள், செத்திருக்கின்றன.

உடுப்பைப் பற்றி மட்டக்களப்புக்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை பாகை வெப்பம் குறையும். கல்லடியில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கிற உங்களுக்கு, சமவெளியின் சராசரி வெப்பநிலையே 13 பாகைதான் என்றால் விளங்கும். காலை ஆறரைக்கு அதைவிடக் குறைவு, அதோடு காற்று. ஒரு தடித்த சுவெட்டரைவிட ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. எட்டரைக்கு வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு, சன் கிரீம். குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடுவோம், மாலையில் கண்ணாடி பார்த்தால் மூக்கு சிவந்து உரிந்திருக்கும். பாதம் வழுக்காத சப்பாத்து கட்டாயம், செருப்போடு வேண்டவே வேண்டாம். பாதையில் களிமண்ணும் கல்லும் வேரும்தான்.

இனி நடை. முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீட்டர். பெரியவர்கள் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் நாலரை மணி நேரம் வையுங்கள். தொடக்கம் ஃபார் இன் என்ற பழைய கட்டடம். வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்கு வந்த அதிகாரிகள் தங்கிய விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். கழிவறைக்கு எல்லோரும் இங்கேயே போய்விட்டுக் கிளம்புங்கள், வரவில்லை என்று சொல்லும் பிள்ளை உட்பட.

கொஞ்ச தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சின்ன உலக முடிவு என்ற முதல் விளிம்புக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. சுற்றுப் பாதை என்பதால் எதில் போனாலும் திரும்ப இங்கேதான் வருவீர்கள். ஆனால் எந்தப் பக்கம் முதலில் என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். சின்ன உலக முடிவு, பிறகு பெரிய உலக முடிவு, கடைசியில் நீர்வீழ்ச்சி. முகில் வந்தாலும் நீர்வீழ்ச்சி எங்கும் போகாது. ஆட்கள் கூட்டமாக வேறு பக்கம் திரும்பினாலும் பின்னால் போக வேண்டாம்.

முதல் பகுதி திறந்த புல்வெளி. என்னைக் கேட்டால் இந்த நடையின் அழகே இதுதான், உலக முடிவு இரண்டாவது. சமமான வெளி கிடையாது. மெல்ல மெல்ல ஏறி இறங்கும் புல்மேடுகள், மேடுகளுக்கு நடுவே தேநீர் நிறத்தில் ஓடும் ஓடைகள், ஓரங்களில் குட்டையான, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்களின் காடு. அந்த மரங்களின் கிளையெல்லாம் பாசி தொங்கும். நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள், இது அங்கே பார்த்த சோலைக்காடும் புல்வெளியும் மாதிரியே இருக்கிறதே என்பார்கள். சரிதான், ஒரே வகைக் காடுதான். சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம் இரண்டு பக்கமும் உண்டு. இங்கே சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். சில இடங்களில் மஞ்சளாகப் பூத்த முட்புதர் தெரியும். அழகாக இருக்கிறது என்று மகன் படம் எடுப்பான். எடுக்கட்டும், ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே பரவிக்கொண்டிருக்கும் களை என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

காலையில் மரைகள் பாதைக்குப் பக்கத்திலேயே மேயும். வாகனம் நிறுத்தும் இடம் வரைகூட வந்து நிற்கும். இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம், பல வருடமாக ஆட்கள் சாப்பாடு கொடுத்துப் பழக்கியதுதான். நீங்கள் கொடுக்க வேண்டாம். கொம்புள்ள கிடாய்க்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம், சாதுவாகத் தெரிந்தாலும் காட்டு மிருகம்தான். சிறுத்தையும் இங்கே உண்டு, பகலில் காண்பது அபூர்வம். மகளுக்கு நல்ல வேட்டை வேறொன்று இருக்கிறது: மூக்கில் கொம்பு வைத்த ஒரு சின்ன ஓணான். மரத்தண்டுகளில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், மெதுவாக நடக்கிறவர் கண்ணுக்குத்தான் படும். இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அவளை முன்னால் விட்டு அதைத் தேடச் சொன்னால், கால் வலிக்குது என்ற பேச்சு ஒரு மணி நேரத்துக்கு வராது.

யானை வராதா என்று மகன் கேட்பான். ஒரு காலத்தில் இங்கே யானைக் கூட்டங்கள் இருந்தன. 1834இல் இந்த வெளிக்கு அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். சிங்களத்தில் அதற்கு முன்பே மகா எலிய. பிறகு வந்த வேட்டைக்காரர்கள் கை ஓயவில்லை. அவர்களில் பேர் போனவர் சாமுவெல் பேக்கர், பின்னாளில் நைல் நதி மூலத்தைத் தேடிப்போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர், அதே ஆள்தான். 1940களுக்குள் யானை இங்கே அற்றுப்போய்விட்டது. நீர்வீழ்ச்சிக்கு மட்டும் பேக்கரின் பெயர் நிற்கிறது.

சின்ன உலக முடிவு தொடக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் வரும். அங்கேயும் செங்குத்தான சரிவுதான், 300 மீட்டர் அளவில். இதுதான் உங்கள் முடிவெடுக்கும் இடம். மகள் சோர்ந்துவிட்டாலோ, முகில் ஏறத் தொடங்கிவிட்டாலோ, இங்கே இருந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஒரு குறையும் இல்லை. மலையின் ஓரத்தைப் பார்த்தாயிற்று. எல்லோரும் தெம்பாக இருந்தால் மேலே போகலாம். அடுத்த பகுதி காட்டுக்குள்ளே. பாதை ஒடுங்கும், வேர்கள் குறுக்கே கிடக்கும், மழை பெய்திருந்தால் களிமண் வழுக்கும். இந்தப் பகுதியில் மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய உலக முடிவில் விளிம்பு முழுவதற்கும் வேலி கிடையாது. 2015இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் பின்னால் நகர்ந்து விழுந்துவிட்டார். நல்ல காலம், கீழே ஒரு மரம் தாங்கிக்கொண்டது. இராணுவத்தினர் இறங்கித் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்து, கையை விடாமல் நில்லுங்கள். செல்ஃபி எடுப்பவர் முதுகை வெளிப்பக்கம் காட்டி நிற்க வேண்டாம். பன்னிரண்டு வயது மகனைத்தான் நான் அதிகம் கவனிப்பேன், ஏழு வயதுக்குப் பயம் இருக்கும்.

அங்கே நின்று கீழே பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீழே நன்பேரியல் தோட்டத்துத் தேயிலை தெரியும், அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தகரக் கூரைகள். லயங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் இருக்கும் வரிசை வீடுகள். பலர் நீர்த்தேக்கத்தையும் கடலையும் தேடிக்கொண்டு நிற்பார்கள், கூரையை யாரும் காட்டுவதில்லை. மலையகம் முழுக்கத் தேயிலை ஏறிய பிறகும் இந்த மேல்வெளி மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டால், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொட வேண்டாம் என்று அவர் சொன்ன யோசனைப்படி 1873இல் அரசு ஆணை போட்டது. இங்கிருந்துதான் மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்குத் தண்ணீர் போகிறது, காட்டை வெட்டியிருந்தால் கீழே நாடே காய்ந்திருக்கும். அப்படியிருந்தும் 1960களில் சமவெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் சரணாலயமாக்கி, 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது.

திரும்பும் பாதை காட்டுப் பகுதியைவிட அகலம், நடக்கச் சுகம். வழியில்தான் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் கிளை. பெலிஹுல்ஓயா அங்கே 20 மீட்டர் உயரத்திலிருந்து விசிறியாக விழுகிறது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் இறக்கம் செங்குத்து, ஈரமான படிகள், இறங்கியதை அப்படியே ஏறவும் வேண்டும். ஏழு கிலோமீட்டர் நடந்த பிறகு வரும் இந்த ஏற்றத்தில்தான் பிள்ளைகள் மடங்கிவிடுவார்கள். மகனும் அப்பாவும் இறங்கட்டும், மகளும் அம்மாவும் மேலேயே இருந்து மீதி வாழைப்பழத்தை முடிக்கட்டும். தண்ணீரில் இறங்கிக் குளிக்கக் கூடாது, தடையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

சரி, மாமி. முழங்கால் வலிக்கு எதிரி ஏற்றத்தைவிட இறக்கம்தான், அதுவும் ஒழுங்கில்லாத கல்லில். அதனால் காட்டுப் பகுதியும் நீர்வீழ்ச்சியும் அவருக்கு வேண்டாம். ஆனால் அவரை வானிலேயே இருத்திவிட்டுப் போய்விடாதீர்கள். முதல் ஒரு கிலோமீட்டர் புல்வெளி அவர் தாராளமாக நடக்கலாம். ஒரு கைத்தடி கொடுங்கள், கூட ஒரு பெரியவர் போகட்டும். ஓடை வரை போய், மரைகளைப் பார்த்து, ஆறுதலாகத் திரும்பினால் ஒரு மணி நேரம். பிறகு ஃபார் இன்னில் இருக்கலாம், ஒரு போர்வையும் பிளாஸ்க்கில் தேநீரும் இருந்தால் போதும். அவரோடு இருப்பவர் யார் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே போய்ப் பேசினால் சண்டைதான் வரும். மருமகளையே எப்போதும் விட்டுவிட்டுப் போகாமல், இந்த முறை மாமியின் மகன் இருக்கட்டும் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். இந்த ஏற்பாட்டில் மேலே போகும் பெரியவர் ஒருவர்தான் என்றால், சின்ன உலக முடிவோடு திரும்புவதே நல்லது. அல்லது கூடுதலாக ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ கூட்டி வாருங்கள்.

காலையில் எழும்பும்போதே மழை கொட்டுகிறதா? போக வேண்டாம். மழையில் அங்கே பார்க்க எதுவும் இராது, பிள்ளைகள் நனைந்து நடுங்குவதுதான் மிச்சம். அன்று பதுளை வீதியில் சீதை அம்மன் கோயிலுக்கும் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் போங்கள். பூங்கா 1861இல் சின்கோனா என்ற மருந்து மரம் வளர்க்கத் தொடங்கியது. மாமிக்கு இரண்டுமே பிடிக்கும். சமவெளியை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். அதற்காகவே நுவரெலியாவில் இரண்டு இரவாவது தங்குங்கள், முதல் காலையையே நம்பி வராதீர்கள்.

நடை முடிய பதினொரு மணி, பதினொன்றரை ஆகும். நுவரெலியாவுக்கே திரும்புவதென்றால் அம்பேவெல பால் பண்ணையில் நிறுத்தலாம், மகள் மாடு பார்க்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். பெட்டிகளைக் காலையிலேயே வானில் ஏற்றிவிட்டு, மறுபக்க வாசலால் ஒஹியவுக்கு இறங்கி, அப்புட்டலையிலோ பண்டாரவளையிலோ அன்றிரவு தங்குவேன். சீசன் நெரிசல் அங்கே குறைவு. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிய டிரைவரை அன்றே மட்டக்களப்பு வரை ஓட்ட வைப்பது பிழை. மறுநாள் பதுளைக்கு வந்தால் பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு நேர் வீதி.